ஆண்விளக்கம்

ஆங்கிலத்தில் மேன்ஸ்ப்ளெயினிங் என வழங்கும் ஆண்விளக்கம் என்பது, ஒரு பெண் ஏற்கெனவே நன்கு அறிந்த ஒன்றை, அவர் அதனை அறிந்திருக்கமாட்டார் என்ற எண்ணத்துடன் ஓர் ஆண் மேட்டிமைத் தொனியில் அவருக்கு விளக்க முற்படுவதைக் குறிக்கும் சொல்லாகும். விளக்குபவருக்கு அப்பொருளில் உள்ள அறிவு, கேட்பவரின் அறிவைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. 2008 ஆம் ஆண்டில் தோன்றிய இச்சொல், அடுத்த பத்தாண்டுகளுக்குள் முதன்மையான ஆங்கில அகரமுதலிகளில் இடம்பெற்றது. சமூகமொழியியல், பெண்ணியம், மெய்யியல், மேலாண்மையியல் ஆகிய துறைகளில் இக்கருத்துரு பேசப்படுகிறது.

விளக்குதல் தன்னளவில் தவறான செயல் அன்று. கற்பித்தல், மருத்துவம், பொறியியல் போன்ற துறைகள் விளக்கத்தின் மீதே இயங்குகின்றன. ஒரு விளக்கம் கேட்பவரின் தேவையிலிருந்து பிறவாமல், கேட்பவரைப் பற்றிய முன்முடிவிலிருந்து பிறக்கும்போதே அது ஆண்விளக்கம் ஆகிறது. இது அன்றாட வாழ்வில் ஒரு சிறு எரிச்சலாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. எனினும் யாருடைய சொல் நம்பத்தக்கது என்னும் அடிப்படையான கேள்வி இதனுள் அடங்கியுள்ளது.

பெயர்

ஆங்கிலச் சொல்லானது ஆண் என்று பொருள்படும் சொல்லையும் விளக்குதல் என்று பொருள்படும் சொல்லையும் ஒட்டி உருவாக்கப்பட்ட ஒட்டுச்சொல் ஆகும். அவ்விரு சொற்களையும் அப்படியே தமிழில் இணைத்து, இக்கட்டுரையில் ஆண்விளக்கம் என்னும் சொல் பயன்படுத்தப்படுகிறது.

அறிந்தவரிடமே அறிந்ததைச் சொல்லப் புகுவதைத் தமிழர் நெடுங்காலமாக எள்ளி வந்துள்ளனர். கொல்லன் தெருவில் ஊசி விற்பது, மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பது ஆகிய பழமொழிகள் இதற்குச் சான்றாகும். ஆனால் இப்பழமொழிகளுக்கும் ஆண்விளக்கத்துக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பழமொழியில் நகைப்புக்கு உள்ளாகுபவர் ஊசி விற்க வந்தவரே. கொல்லருக்கு எந்த இழப்பும் இல்லை. அவர் கொல்லர் என்பது அத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆண்விளக்கத்தில் நிலைமை தலைகீழாகிறது. கேட்பவர் கொல்லர் என்பதையே சூழ்ந்திருப்போர் நம்பாத நிலை ஏற்படுகிறது. எனவே இழப்பு விளக்கியவருக்கு அன்றிக் கேட்டவருக்கே நேர்கிறது.

வரையறை

ஒரு விளக்கத்தை ஆண்விளக்கம் என்று கொள்வதற்குப் பொதுவாகப் பின்வரும் கூறுகள் சுட்டப்படுகின்றன.

• கேட்கப்படாமை: விளக்கம் தருமாறு கேட்பவர் கோரவில்லை.
• முன்முடிவு: கேட்பவருக்கு அப்பொருள் தெரியாது என்று விளக்குபவர் தாமாகவே முடிவு செய்கிறார். அதனைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வதில்லை.
• தொனி: சிறுவருக்குச் சொல்வதுபோன்ற எளிமைப்படுத்தலும் மேட்டிமையும் காணப்படும்.
• பாலினத் தொடர்பு: அதே நிலையில் ஓர் ஆண் இருந்திருப்பின் அவ்விளக்கம் தரப்பட்டிருக்காது அல்லது அவ்வாறு தரப்பட்டிருக்காது.
• திருத்தத்தை ஏற்காமை: தமக்கு அது தெரியும் என்று கேட்பவர் குறிப்பிட்ட பின்னரும் விளக்கம் தொடர்கிறது.

இவற்றுள் எல்லாக் கூறுகளும் எல்லா நிகழ்வுகளிலும் காணப்பட வேண்டும் என்பதில்லை. நான்காவது கூறு இல்லாதவிடத்து அது பொதுவான மேட்டிமைப் பேச்சாகவே கருதப்படும்.

வரலாறு

முன்னோடி நிகழ்வுகள்

சொல் புதியதாயினும் அது குறிக்கும் நடத்தை புதியதன்று. பெண்கள் எதை அறிவர், எதை விரும்புவர் என்பதை ஆண்களே பெண்களுக்கு எடுத்துரைக்கும் எழுத்துகள் பல நூற்றாண்டுகளாக உள்ளன. அமெரிக்க இறையியலாளர் லைமன் அபட் 1903 ஆம் ஆண்டில் தி அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரை இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. பெண்கள் வாக்குரிமையை ஏன் விரும்பவில்லை என்பதை விளக்குவதாக அக்கட்டுரை அமைந்தது. அக்காலத்தில் அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமை இயக்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்றுக்கொண்டிருந்தது. 1920 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் பாலின அடிப்படையில் வாக்குரிமையை மறுப்பதைத் தடைசெய்தது.

சோல்னிட்டின் கட்டுரை

இக்கருத்துரு பரவலாக அறியப்படக் காரணமானவர் 1961 ஆம் ஆண்டு பிறந்த அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட் ஆவார். ஆண்கள் எனக்கு விளக்குகிறார்கள் என்ற பொருளுடைய தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை 2008 ஏப்ரலில் வெளிவந்தது. கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் நகருக்கு அருகில் 2003 இல் நடந்த ஒரு விருந்தை அவர் அதில் விவரிக்கிறார்.

விருந்தளித்த செல்வந்தர் சோல்னிட்டின் நூல்களைப் பற்றி வினவினார். அப்போது அண்மையில் வெளியாகியிருந்த தமது நூலைப் பற்றி சோல்னிட் கூறத் தொடங்கினார். அது, ஓடும் குதிரையின் அசைவுகளைத் தொடர் ஒளிப்படங்களாக எடுத்த எட்வேர்ட் மைபிரிட்ஜ் பற்றிய நூல். உடனே அவரை இடைமறித்த செல்வந்தர், அவ்வாண்டில் மைபிரிட்ஜ் பற்றி மிக முக்கியமான நூல் ஒன்று வெளிவந்திருப்பதை அறிவீர்களா என்று கேட்டு, அந்நூலைப் பற்றி நீளமாக விளக்கலானார். அவர் விளக்கிய நூல் சோல்னிட் எழுதிய அதே நூலாகும். அது அவருடைய நூல்தான் என்று உடனிருந்த தோழி மூன்று நான்கு முறை கூறிய பின்னரே அச்செய்தி செல்வந்தரின் செவியில் ஏறியது. அவர் அந்நூலைப் படித்திருக்கவும் இல்லை. நாளிதழ் ஒன்றின் நூல் மதிப்புரையை மட்டுமே படித்திருந்தார்.

இந்நிகழ்வில் சோல்னிட் குறிப்பிடும் மற்றொரு செய்தி கவனிக்கத்தக்கது. தமக்குத் தெரியாமல் அதே பொருளில் வேறொரு நூல் வெளிவந்துவிட்டதோ என்று ஒரு கணம் அவரே நம்பத் தலைப்பட்டார். பல நூல்களை எழுதிய ஒருவரையே தம் அறிவை ஐயுறச் செய்யும் ஆற்றல் அத்தகைய உறுதியான தொனிக்கு உண்டு என்பதே அவரது வாதத்தின் மையமாகும்.

அதே கட்டுரையில் இதனினும் கடுமையான நிகழ்வு ஒன்றையும் அவர் எடுத்துரைக்கிறார். அணு ஆயுத ஆய்வில் ஈடுபட்டிருந்த அறிவியலாளர் ஒருவர், தம் அயல்வீட்டுப் பெண் நள்ளிரவில் ஆடையின்றி வெளியே ஓடிவந்து, கணவன் தன்னைக் கொல்ல முயல்வதாகக் கூச்சலிட்டதை ஒரு வேடிக்கைக் கதையாகக் கூறினார். கணவன் கொல்ல முயலவில்லை என்பது எவ்வாறு தெரியும் என்று கேட்டபோது, அவர்கள் மதிப்புக்குரிய நடுத்தர வகுப்பினர் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அப்பெண் சொன்னது உண்மையாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. விருந்தில் பேச்சை மறிப்பதும், ஆபத்தில் உள்ள பெண்ணின் சொல்லை நம்ப மறுப்பதும் அளவில் வேறுபட்டாலும் ஒரே தொடரின் இரு முனைகள் என்று சோல்னிட் கருதுகிறார்.

சொல்லின் பரவல்

சோல்னிட் தம் கட்டுரையில் மேன்ஸ்ப்ளெயினிங் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. அக்கட்டுரை வெளிவந்த சில வாரங்களில் இணைய உரையாடல்களில் அச்சொல் தோன்றியது. அதன் பரவலின் முக்கிய கட்டங்கள் பின்வருமாறு.

• 2010: நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் அவ்வாண்டுச் சொற்களின் பட்டியலில் இடம்பெற்றது.
• 2014: ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகரமுதலி இதனை அவ்வாண்டின் சொல்லாகத் தெரிவு செய்தது. சோல்னிட்டின் கட்டுரையைத் தலைப்பாகக் கொண்ட தொகுப்பு நூலும் அதே ஆண்டில் வெளியானது.
• 2016: சுவீடனின் யூனியோனென் தொழிற்சங்கம், பணியிடத்தில் ஆண்விளக்கத்துக்கு உள்ளாகுபவர்கள் அழைத்துப் பேசுவதற்கான தொலைபேசி எண் ஒன்றை நவம்பரில் ஒரு வார காலம் இயக்கியது.
• 2018: ஆக்ஸ்போர்டு ஆங்கில அகரமுதலியிலும் மெரியம்-வெப்ஸ்டர் அகரமுதலியிலும் சேர்க்கப்பட்டது.

2016 செப்டம்பரில் நடந்த ஒரு நிகழ்வு பரவலாகப் பேசப்பட்டது. நாசாவின் விண்வெளி வீரர் ஜெசிக்கா மெயிர், 63,000 அடிக்கு மேலான உயரத்தின் சூழலை ஒத்த அறையில் நீர் தானாகவே கொதிப்பதைக் காட்டும் காணொளியை வெளியிட்டார். காற்றழுத்தம் மிகவும் குறைவதால் நீரின் கொதிநிலையும் குறைவதே இதற்குக் காரணம். அது தானாக நிகழ்வதன்று என்று கூறி, எளிய வெப்ப இயக்கவியலை அவருக்கு ஒருவர் விளக்க முற்பட்டார். மெயிர் கடல் உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர் ஆவார். 2019 அக்டோபர் 18 அன்று கிறிஸ்டினா கோக்குடன் இணைந்து, பெண்கள் மட்டுமே பங்குபெற்ற முதல் விண்நடையை அவர் மேற்கொண்டார்.

அன்றாட வாக்குவாதங்களில்

விருந்து, பொதுமேடை போன்ற இடங்களைவிட, வீட்டிலும் பணியிடத்திலும் நிகழும் வாக்குவாதங்களிலேயே ஆண்விளக்கத்தின் இயல்பு தெளிவாக வெளிப்படுகிறது. வாக்குவாதத்தில் இருவர் மாறுபடும்போது, இருவரும் பொருளை அறிந்தவர்கள் என்பதும் முடிவில் மட்டுமே வேறுபடுகிறார்கள் என்பதும் மறைமுகமாக ஏற்கப்படுகின்றன. விளக்கத்தில் அவ்வாறு இல்லை. ஒருவர் அறிந்தவர், மற்றவர் அறியாதவர் என்பதே அதன் அமைப்பு. எனவே வாக்குவாதத்தின் நடுவில் ஒருவர் விளக்கத் தொடங்கும்போது, எது சரி என்ற கேள்வி மறைந்து, உனக்குப் புரிகிறதா என்ற கேள்வி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எடுத்துக்காட்டாக, வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பது பற்றிக் கணவனும் மனைவியும் பேசுவதாகக் கொள்வோம். தொடக்க ஆண்டுகளில் மாதத் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே செல்வதால், கையிலுள்ள பணத்தை இப்போதே அசலில் கட்டுவது நல்லது என்று மனைவி கூறுகிறார். அப்பணத்தை வேறு முதலீட்டில் இட்டால் கூடுதல் வருவாய் கிடைக்கும் என்று கணவன் மறுத்தால் அது வாதமாகும். அதற்கு மாறாக, வட்டி என்றால் என்ன, தவணை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று அவர் தொடக்கத்திலிருந்து விளக்கினால் அது ஆண்விளக்கமாகும். மனைவியின் கருத்து அங்கு மறுக்கப்படவே இல்லை. அது ஒரு கருத்தாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இத்தகைய நிலையில் கேட்பவருக்கு மூன்று வழிகளே எஞ்சுகின்றன. அமைதியாக இருந்தால், விளக்கம் அவருக்குத் தேவைப்பட்டதாகவே பொருள்படும். தமக்கு அது தெரியும் என்று கூறினால், கற்றுக்கொள்ள விரும்பாதவர் என்ற பெயர் வரும். குரலை உயர்த்தினால், உணர்ச்சிவயப்படுகிறார் என்ற அடுத்த விளக்கம் தொடங்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் அவர் முதலில் சொன்ன கருத்துக்கு விடை கிடைப்பதில்லை.

ஆய்வுகள்

மொழிக்கும் பாலினத்துக்கும் இடையிலான தொடர்பைப் பற்றிய ஆய்வுகள், ஆண்விளக்கம் என்ற சொல் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன. மொழியும் பெண்ணின் இடமும் பற்றி ராபின் லேக்காஃப் எழுதிய நூல் 1975 இல் வெளிவந்தது. தயக்கத்துடனும் பணிவுடனும் பேசுமாறு பெண்கள் பழக்கப்படுத்தப்படுகின்றனர் என்றும், அவ்வாறு பேசினால் அறிவற்றவராகவும், பேசாவிடில் பெண்மையற்றவராகவும் கருதப்படுகின்றனர் என்றும் அவர் வாதிட்டார்.

உரையாடல் ஆய்வுகள்

டான் சிம்மர்மன், கேண்டஸ் வெஸ்ட் ஆகியோர் 1975 இல் வெளியிட்ட ஆய்வில் 31 உரையாடல்களை ஆராய்ந்தனர். ஆணும் பெண்ணும் உரையாடிய 11 உரையாடல்களில் நிகழ்ந்த 48 இடைமறிப்புகளில் 46 ஆண்களால் செய்யப்பட்டவை. பமேலா ஃபிஷ்மன் மூன்று இணையரின் வீட்டு உரையாடல்களை 52 மணி நேரம் ஒலிப்பதிவு செய்து, 1978 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பதிவுகளில் எழுப்பப்பட்ட 76 பேச்சுப் பொருள்களில் 47 பெண்களாலும் 29 ஆண்களாலும் எழுப்பப்பட்டவை. ஆண்கள் எழுப்பியவற்றில் 28 உரையாடலாக வளர்ந்தன. பெண்கள் எழுப்பியவற்றில் 17 மட்டுமே வளர்ந்தன.

டெபொரா டேனன் 1990 இல் வெளியிட்ட நூலில், விரிவுரைத்தல், செவிமடுத்தல் ஆகியவற்றுக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். ஆண்கள் தம் நிலையை நிறுவவும் பெண்கள் உறவை வளர்க்கவும் பேச்சைப் பயன்படுத்தும் போக்கு உள்ளதாகவும், அதனால் கலந்துரையாடலில் ஆண் விரிவுரையாளராகவும் பெண் செவிமடுப்பவராகவும் மாறுவது எளிதில் நிகழ்வதாகவும் அவர் கூறினார். இதனை வெறும் பாணி வேறுபாடாகக் காண்பது அதிகார ஏற்றத்தாழ்வை மறைக்கிறது என்று வேறு மொழியியலாளர்கள் சிலர் அவரை விமர்சித்தனர்.

தொடக்ககால ஆய்வுகளின் எண்களை அப்படியே பொதுமைப்படுத்துதல் கூடாது. அவை சிறிய எண்ணிக்கையிலான உரையாடல்களை அடிப்படையாகக் கொண்டவை. டெபொரா ஜேம்ஸ், சாண்ட்ரா கிளார்க் ஆகியோர் 1993 இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பெரும்பாலான ஆய்வுகளில் இடைமறிப்பு எண்ணிக்கையில் ஆண், பெண் வேறுபாடு பெரிதாகக் காணப்படவில்லை. 43 ஆய்வுகளைக் கொண்டு ஆண்டர்சன், லீப்பர் ஆகியோர் 1998 இல் செய்த தொகுப்பாய்வில் வேறுபாடு உண்டு என்றும் அது சிறியது என்றும் தெரியவந்தது. எனினும் பேச்சைப் பறித்துக்கொள்ளும் வகை இடைமறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது வேறுபாடு கூடுதலாக இருந்தது.

உச்ச நீதிமன்ற ஆய்வு

பதவி உயர்ந்தால் இந்நிலை மாறிவிடுமா என்ற கேள்விக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பற்றி டோன்யா ஜேக்கபி, டிலன் ஷ்வீர்ஸ் ஆகியோர் 2017 இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. அவர்கள் ஆராய்ந்த 12 ஆண்டுகளில் நீதிபதிகளுள் பெண்கள் சராசரியாக 24 விழுக்காட்டினர். ஆனால் இடைமறிப்புகளில் 32 விழுக்காடு பெண் நீதிபதிகளைக் குறிவைத்தவை. பெண் நீதிபதிகள் செய்த இடைமறிப்புகள் 4 விழுக்காடு மட்டுமே. சக நீதிபதிகள் மட்டுமன்றி, விதிப்படி நீதிபதிகளை இடைமறிக்கவே கூடாத வழக்கறிஞர்களும் இடைமறித்தனர். காலப்போக்கில் பெண் நீதிபதிகள், கேள்விக்கு முன் சேர்க்கும் மன்னிக்கவும், கேட்கலாமா போன்ற பணிவுச் சொற்களைக் கைவிட்டு நேரடியாகக் கேட்கப் பழகிக்கொண்டதும் அவ்வாய்வில் தெரியவந்தது.

2021 அக்டோபரில் அந்நீதிமன்றம் வாய்மொழி வாதத்தின் முறையை மாற்றியது. வழக்கறிஞர் ஒவ்வொருவரின் நேரம் முடிந்ததும் நீதிபதிகள் பணிமூப்பு வரிசையில் ஒருவர் பின் ஒருவராகக் கேள்வி கேட்க வாய்ப்பு அளிக்கப்பட்டது. இடைமறிப்பு பற்றிய ஆய்வுகளும் இம்மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் அவ்வாண்டில் கூறினார்.

இடைமறிப்பும் ஆண்விளக்கமும் ஒன்றல்ல. ஆயினும் எண்ணி அளக்க எளிதாக இருப்பதால், ஒருவரின் பேச்சுக்குத் தரப்படும் மதிப்பைக் காட்டும் குறியீடாக இடைமறிப்பை ஆய்வாளர்கள் பயன்படுத்துகின்றனர்.

காரணங்கள்

ஆண்விளக்கத்துக்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

அறிந்ததாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம்: 9 ஆங்கிலம் பேசும் நாடுகளைச் சேர்ந்த சுமார் 40,000 பதினைந்து வயது மாணவர்களின் விடைகளை ஆராய்ந்து 2019 இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. அம்மாணவர்களிடம் 16 கணிதக் கருத்துருக்களின் பெயர்கள் தரப்பட்டு, அவற்றை எவ்வளவு நன்றாக அறிவர் என்று கேட்கப்பட்டிருந்தது. அவற்றுள் மூன்று, இல்லாதவற்றுக்குப் புனைந்திடப்பட்ட பெயர்கள். இல்லாத அம்மூன்றையும் அறிவதாகக் கூறும் போக்கு மாணவியரைவிட மாணவரிடமும், வறிய குடும்பத்தினரைவிட வசதியுள்ள குடும்பத்தினரிடமும் மிகுதியாக இருந்தது. எனவே இது பாலினத்தோடு மட்டுமன்றி வகுப்போடும் தொடர்புடையது.

தன்மதிப்பீட்டில் வேறுபாடு: ஜாய்ஸ் எர்லிங்கர், டேவிட் டன்னிங் ஆகியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், அறிவியல் தேர்வொன்றில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ ஒரே அளவு மதிப்பெண் பெற்றனர். எனினும் பெண்கள் தாம் குறைவாகச் செய்ததாகவே மதிப்பிட்டனர். பின்னர் அறிவியல் போட்டி ஒன்றுக்கு அழைக்கப்பட்டபோது ஆண்களைவிடக் குறைந்த விகிதத்திலேயே அவர்கள் முன்வந்தனர்.

பேசுவதற்கான தண்டனை: விக்டோரியா பிரெஸ்கால் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், மிகுதியாகப் பேசும் ஆண் தலைமை அதிகாரியை மக்கள் கூடுதல் திறமையுள்ளவராக மதிப்பிட்டனர். அதே அளவு பேசும் பெண் தலைமை அதிகாரியைத் திறமை குறைந்தவராக மதிப்பிட்டனர். இவ்வாறு மதிப்பிட்டவர்களில் ஆண்களும் பெண்களும் அடங்குவர். இதனால் பெண்கள் அமைதி காப்பது கோழைத்தனம் அன்று, கணித்து எடுத்த முடிவு என்பது புலனாகிறது.

குழுவின் அமைப்பு: கிறிஸ்டோபர் கார்போவிட்ஸ், டாலி மெண்டல்பெர்க் ஆகியோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்கள் சிறுபான்மையாக உள்ள, பெரும்பான்மை வாக்கால் முடிவெடுக்கும் குழுக்களில், பெண்கள் தம் எண்ணிக்கைக்குரிய பங்கைவிடக் குறைவாகவே பேசினர். எல்லோரும் ஒருமித்து முடிவெடுக்க வேண்டும் என்ற விதி இருந்தபோது இவ்வேறுபாடு பெரிதும் குறைந்தது. ஆகவே இந்நடத்தை தனிமனிதரின் இயல்பால் மட்டும் தோன்றுவதன்று. விதிகளை மாற்றினால் அதுவும் மாறக்கூடியது.

விளைவுகள்

மெய்யியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007 இல் வெளியிட்ட நூலில் அறிவுசார் அநீதி என்ற கருத்துருவை விரிவாக ஆராய்ந்தார். அதன் இரண்டு வகைகள் ஆண்விளக்கத்தைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. பேசுபவரின் பாலினம், இனம் போன்ற அடையாளங்களின் காரணமாக அவர் சொல்லுக்கு உரிய நம்பகத்தன்மையைக் குறைத்து வழங்குவது சான்றுரை அநீதி ஆகும். ஒருவர் தம் பட்டறிவை எடுத்துரைக்கத் தேவையான சொல்லோ கருத்துருவோ சமூகத்தில் இல்லாதிருப்பது பொருள்கொள்ளல் அநீதி ஆகும். பின்னதற்கு, பாலியல் துன்புறுத்தல் என்ற சொல் 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் உருவாவதற்கு முன், அதற்கு உள்ளான பெண்கள் தமக்கு நேர்ந்ததைப் பெயரிட்டுக் கூற இயலாதிருந்த நிலையை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். ஆண்விளக்கம் என்ற சொல்லும் ஒரு வகையில் அத்தகைய இடைவெளியை நிரப்பியது எனலாம். தமக்கு மட்டுமே நேர்ந்த தனிப்பட்ட அவமதிப்பு என்று பலர் கருதியிருந்த ஒன்று, பெயர் கிடைத்ததும் பொதுவான நிகழ்வாக அடையாளம் காணப்பட்டது.

இதன் விளைவுகள் மருத்துவத்திலும் காணப்படுகின்றன. டயான் ஹாஃப்மன், அனிட்டா டார்சியன் ஆகியோர் 2001 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வலி பற்றிப் பெண்கள் கூறுபவை ஆண்கள் கூறுபவற்றைவிடக் குறைந்த தீவிரத்துடன் எடுத்துக்கொள்ளப்படுவதையும், அவ்வலி உணர்ச்சி சார்ந்தது என்று விளக்கப்பட்டுவிடுவதையும் சுட்டிக்காட்டியது. தன் உடலைப் பற்றித் தானே சொல்லும் செய்திக்கு மற்றொருவர் தரும் விளக்கம் மேலோங்கும்போது, சிகிச்சை தாமதமாகும் வாய்ப்பு உள்ளது.

பணியிடத்தில் இதன் விளைவு படிப்படியாகச் சேர்வது. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கு அவரது துறையின் அடிப்படைகள் விளக்கப்படும்போது, அவர் அத்துறையின் வல்லுநர் என்பதை அறியாத பிறர், அவரைக் கற்றுக்குட்டியாக எடுத்துக்கொள்வர். அடுத்த கூட்டத்தில் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி விளக்கியவரிடம் கேட்கப்படும்.

விமர்சனங்கள்

இச்சொல்லின் மீது பலவகையான விமர்சனங்கள் உள்ளன.

பாலினத்தின் மீது பழி: ஒரு நடத்தைக்கு ஒரு பாலினத்தின் பெயரை இடுவது, அப்பாலினத்தார் எல்லோரும் அவ்வாறு நடப்பர் என்ற எண்ணத்தை ஏற்படுத்துகிறது என்பது முதன்மையான விமர்சனம். சோல்னிட் தாமே இச்சொல்லைப் பற்றித் தயக்கம் தெரிவித்துள்ளார். இது ஆண்களின் பிறவிக் குறை என்ற பொருளை இச்சொல் மிகுதியாகத் தருகிறது என்றும், விளக்கக் கூடாதவற்றைச் சில ஆண்கள் விளக்குகின்றனர் என்பதே தம் கருத்து என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

வாதத்தைத் தவிர்க்கும் கருவி: சரியான விளக்கம் ஒன்றையும் இச்சொல்லால் ஒதுக்கிவிடலாம் என்பது மற்றொரு விமர்சனம். 2016 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய மேலவையின் குழுக் கூட்டத்தில், அமைச்சர் மிட்ச் ஃபிஃபீல்டின் விடைகளை உறுப்பினர் கேட்டி கல்லகர் ஆண்விளக்கம் என்று கூறினார். பெண் என்பதைச் சுட்டி அவ்வாறான ஒரு சொல்லைத் தாம் பயன்படுத்தியிருந்தால் ஏற்பீர்களா என்று அமைச்சர் எதிர்ப்புத் தெரிவித்தார். அங்கு பேசப்பட்டுக்கொண்டிருந்த பொருளைவிட அச்சொல்லே செய்தியாயிற்று. எது சரி என்ற கேள்வியை யார் பேசுகிறார் என்ற கேள்வியால் மாற்றுவதே ஆண்விளக்கத்தின் குறையாக இருப்பதால், இச்சொல்லும் அதே குறைக்கு ஆளாகக்கூடும்.

பிற ஏற்றத்தாழ்வுகள்: வயது, பதவி, இனம், செல்வம், கல்வி ஆகியவற்றின் அடிப்படையிலும் மேட்டிமை விளக்கங்கள் நிகழ்கின்றன. பெண்களும் பிறருக்கு இவ்வாறு விளக்குவது உண்டு. எனவே பாலினத்தை மட்டும் நோக்குவது முழுமையான பார்வை ஆகாது என்று கருதப்படுகிறது.

இவ்விமர்சனங்களை ஏற்பவர்களுள்ளும் பலர், சுட்டப்படும் நடத்தை உண்மையானது என்பதை மறுப்பதில்லை. சொல்லின் பொருத்தம் பற்றிய கேள்வியும் நடத்தையின் இருப்பு பற்றிய கேள்வியும் வெவ்வேறானவை.

தவிர்க்கும் வழிகள்

வடிவமைப்பாளர் கிம் குட்வின் 2018 இல் ஒரு முடிவுப் படத்தை வெளியிட்டார். தாம் ஆண்விளக்கம் செய்கிறோமா என்று தம்முடன் பணிபுரியும் ஆண்கள் கேட்டதே அதற்குக் காரணம் என்று அவர் கூறினார். அப்படம் பெரும்பாலும் பின்வரும் கேள்விகளை அடிப்படையாகக் கொண்டது.

• விளக்குமாறு அவர் கேட்டாரா?
• இப்பொருளில் அவரைவிட உங்களுக்குப் பட்டறிவு மிகுதியா?
• அவரது கல்வியும் பட்டறிவும் உள்ள பெரும்பாலான ஆண்கள் இதனை ஏற்கெனவே அறிந்திருப்பார்களா?
• விளக்கம் வேண்டுமா என்று முதலில் கேட்டீர்களா?

குழுக்களில் பின்பற்றப்பட்ட முறைகளும் உள்ளன. தி ஷீல்ட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கதைக் குழுவில், இரு பெண் எழுத்தாளர்கள் பேசாதிருப்பதைத் தயாரிப்பாளர் கிளென் மசாரா கவனித்தார். அவர்கள் பேசத் தொடங்கும்போதெல்லாம் இடைமறிக்கப்படுவதை அறிந்து, ஆண், பெண் எவர் கருத்துச் சொன்னாலும் முடிக்கும்வரை இடைமறிக்கக் கூடாது என்ற விதியை அவர் ஏற்படுத்தினார். அதன் பின் குழு முழுவதன் செயல்திறனும் கூடியது என்று 2015 இல் வெளியான ஒரு கட்டுரை குறிப்பிடுகிறது. அமெரிக்க அதிபர் ஒபாமாவின் பெண் அலுவலர்கள், ஒரு பெண் கூறிய கருத்தை மற்றொரு பெண் அவர் பெயரைச் சொல்லியே மீண்டும் எடுத்துரைக்கும் முறையைக் கையாண்டனர் என்பது 2016 இல் செய்தியாக வெளிவந்தது.

இவ்வழிகள் எவையும் விளக்குவதைத் தடைசெய்யவில்லை. விளக்குவதற்கு முன், இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பதையே வலியுறுத்துகின்றன. அக்கேள்வி கேட்கப்படும்போது, அறிந்தவர் அறிந்தவராகவே உரையாடலைத் தொடரலாம். அறியாதவரும் இழிவின்றி விளக்கத்தைப் பெறலாம்.

இவற்றையும் பார்க்க

• பெண்ணியம்
• சமூகமொழியியல்
• பாலினப் பாகுபாடு
• உரையாடல் பகுப்பாய்வு
• பெண்கள் வாக்குரிமை